அண்ணாச்சி என்று எழுதிய சிலுவை

மட்டாஞ்சேரிக்கு நான் வந்த புதிதில், பக்கத்து வீட்டு கதீஜா இத்தா தினமும் காலையில் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "எந்தா விசேஷம்?" என்று கேட்பார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் விருதுநகரில் புதுப்பெண்ணிடம் ஏதும் விசேஷமா என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் நாள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டேன். அடுத்த வாரம் எரிச்சல் வந்தது. பிறகு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். இங்கே அது வெறும் 'என்ன சேதி' மாதிரிதான், சும்மா கேட்கிறது, நீயும் சும்மா ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு என்றார். மறுநாள் சொன்னேன். கதீஜா இத்தாவுக்குச் சந்தோஷம், இந்தத் தமிழ்ப் பெண்ணுக்குப் பேச வருகிறதே என்று.

ஊரில் உறவுக்காரர்கள் கேட்பார்கள், கொச்சி என்ன வெளிநாடா, சாயங்காலம் பஸ் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாமே என்று. சிலோனுக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்கு நடுவில் ஒரு கடல் இருந்தது. அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு மலைதான். அதனால் எங்கள் தூரத்தை யாரும் தூரமாக எடுத்துக்கொள்ளவில்லை. சொற்கள்கூடப் பாதிக்குமேல் நம் சொற்கள்தான். தெரிந்த முகம் என்று நினைத்துக் கிட்டப் போனால் அது வேறு ஆளாக இருக்கும். எழுபதுகளின் நடுவில் இங்கே வந்து, இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. என் கணவர் விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவருடைய மட்டாஞ்சேரி கிளையில் கணக்குப் பார்த்தார். கடைத்தெரு முழுக்க மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டையாக அடுக்கியிருக்கும். அந்தத் தூசியில் முதல் வருடம் முழுக்க நான் தும்மினேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போனால்தான் தும்மல் வந்தது.

எனக்கு அடுத்த வருடமே என் தம்பி முருகேசனும் இங்கே வந்துவிட்டான். ஊரில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். இங்கே மூட்டைகளில் வியாபாரக் குறி எழுதும் வேலை என்று என் கணவர் வரவழைத்தார். சில மாதம்தான் அதைச் செய்தான். ஒருநாள் சும்மா வேடிக்கை பார்க்க வைப்பின் தீவுக்குப் போட்டில் ஏறிப் போனவன், அங்கே வள்ளம் கட்டுகிற இடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றவர்களோடு பேசி, அங்கேயே வேலை கேட்டுச் சேர்ந்துகொண்டான். கரையில் கிடக்கும் மீன்பிடி வள்ளங்களுக்கு வர்ணம் அடித்து, மூக்கில் கண்ணும் பூவும் வரைந்து, விலாவில் புனிதர்களின் பெயர் எழுதுகிற வேலை. மலையாள எழுத்தை ஒரு மாதத்தில் படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். நகக்கண்ணெல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையோடு சோற்றைப் பிசைவதைப் பார்த்து, கை கழுவினாயா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். கழுவிவிட்டேன் என்று ஒவ்வொரு வாரமும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவான்.

அந்தத் தீவிலேயே ஸ்டெல்லாவைப் பார்த்தான். இறால் தோல் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்த பெண். மீன்பிடிக் குடும்பம், லத்தீன் கத்தோலிக்கர்கள். ஞானஸ்நானம் எடுத்தால் கல்யாணம் என்றார்கள். எடுத்துக்கொண்டான். மிக்காயேல் என்று பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று விருதுநகருக்குப் போனான். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். அம்மா தனியாகத்தான் இருந்தாள். விஷயம் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தெருமுனைக்கே வந்து அவனை நிறுத்தி, "நான் வச்ச பேரு வேண்டாம்னு போனவனுக்கு நான் வச்ச சோறு மட்டும் எதுக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அம்மா சொன்ன மாதிரியே கழுத்தை ஒடித்துச் சொல்லிக் காட்டிச் சிரித்தான். அன்றைக்குச் சாப்பிடாமல் போனான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். மழைக்காலத்தில் பெயிண்ட் வேலை இருக்காது. ஸ்டெல்லாவின் அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போகப் பழகியிருந்தான். நீச்சலும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் திரும்பி வரும்போது கரைக்குக் கிட்டே அலையில் வள்ளம் கவிழ்ந்தது. மற்ற எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். அவனை இரண்டு மூன்று நாள் கழித்துத் தெற்கே ஒரு கரையில் கண்டெடுத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. முகத்தை வைத்து ஒன்றும் தெரியவில்லை, நகத்தில் இருந்த நீலத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன் என்று ஸ்டெல்லாவின் அப்பா என் கணவரிடம் தனியாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. அம்மாவுக்குத் தந்தி அடித்தோம். வரவில்லை. நாங்கள் ஊருக்குப் போனபோதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் நாங்களும் பேசப் பயந்தோம்.

மழையெல்லாம் ஓய்ந்து கார்த்திகை பிறந்த பிறகு, ஒருநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அம்மா. ஒரு மஞ்சப்பையோடு நின்றாள். அவள் மலையைத் தாண்டி வந்தது அதுதான் முதல்முறை. எப்படி வழி கேட்டாள், யாரிடம் கேட்டாள் என்று எதையும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "அவன் இருக்கிற எடத்தக் காட்டு சரசு" என்றாள். மறுநாள் போகலாம் என்று ஏற்பாடு. அவளும் நானும் மட்டும்தான் போனோம்.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போட்டில் கடக்கச் சிறிது நேரம்தான் ஆகும். ஆபீசுக்கும் சந்தைக்கும் போகிற கூட்டம். ஒரு பக்கம் சீன வலைகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. துறைமுகத்துக்குள் ஒரு பெரிய கப்பல் நுழைந்துகொண்டிருந்தது. முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்ப்பார்கள். அம்மா பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், இந்தக் கடல்தானா என்று கேட்டாள். இது காயல்மா, கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறும் கண்மாயும்தான். இவ்வளவு தண்ணீரைப் பார்த்துவிட்டு அது கடல் இல்லை என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள். பிடியை விடாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அக்கரையில் இறங்கிப் பஸ் பிடித்தோம். ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் இறங்கி, மேற்கே மணல் பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து உப்புத்தண்ணீர் ஏற்றிவிட்ட வயல்கள். நெல் முடிந்ததும் அதே வயலில் இறால் வளர்ப்பார்கள் என்று சொன்னேன். அம்மா நின்று பார்த்தாள். உப்புத் தண்ணீரை யாராவது வயலுக்குள் விடுவார்களா என்று அவள் முகம் கேட்டது. வாய்க்காலின் மேலே போட்டிருந்த தென்னைமரப் பாலத்தில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அதைத் தாண்டினால் ஊர்.

அந்த ஊரை முதலில் பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். ஓலை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒவ்வொரு நிறம். ஒன்று ஆகாச நீலம். பக்கத்தது மாம்பழ மஞ்சள். அடுத்தது கிளிப்பச்சை, அதில் ரோஸ் நிற ஜன்னல். மீன் கூடைகளைக் கவிழ்த்து வைக்கிற மரப்பெட்டிக்குக்கூடச் சிவப்பு அடித்திருந்தது. வீடுகளுக்குப் பின்னால் மணலில் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன, அவற்றின் மூக்கில் பெரிய பெரிய கண்கள். கார்த்திகை வெயிலில் எல்லாம் ஈரம் காயாதது மாதிரி மின்னியது.

"இங்க என்ன திருவிழாவா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இதெல்லாம் தம்பி அடிச்சது."

வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவருவான். ஒரு டப்பாவில் அடியில் இரண்டு விரல் அளவு இருக்கும். அதை வைத்து ஒரு கதவு அடிக்கலாம். முதலில் மாமனார் வீட்டுக் கதவு. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பிறகு ஊர் முழுக்கக் கேட்டார்கள். யாருக்கு எந்த நிறம் கிடைக்கும் என்பது அந்த வாரம் எந்த வள்ளத்துக்கு என்ன நிறம் அடித்தான் என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் அவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் என்னோடு வரவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டின் முன்னால் நின்று, நீலக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து, யார் என்ன என்று கேட்கப்போனவள், என்னை அடையாளம் கண்டு, அம்மாவையும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி யாரிடமோ சொன்னாள், "அண்ணாச்சியுடெ அம்மயாணு." அண்ணாச்சியின் அம்மா என்று. அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போவதற்குள் வாசல்தோறும் பெண்கள் வந்து நின்றார்கள்.

ஸ்டெல்லா வெள்ளைச் சட்டையும் வெள்ளை முண்டும் உடுத்தியிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அம்மாவைக் கண்டதும் கிட்டே வந்து, காலைத் தொடுவதா கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள். அம்மாவும் நின்றாள். நான்தான் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். தம்பியின் குழந்தை எங்கே என்று கேட்டேன். சித்தி வீட்டில் தூங்குகிறாள் என்றாள். கடலுக்குப் போயிருந்த அவள் அப்பாவும் இன்னும் திரும்பவில்லை. அம்மாவைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அண்ணாச்சி எப்போழும் அம்மயுடெ காரியம் பறயும்." எப்போதும் அம்மாவைப் பற்றியே பேசுவார் என்று.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் மாறியிருந்தது. "இவ யாரச் சொல்றா?"

"தம்பியத்தான்."

"புருசனையா அண்ணாச்சிங்கிறா?"

எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் அண்ணன். மரியாதைக்கு வயதில் மூத்த யாரையும் கூப்பிடலாம், கடைக்காரரைக் கூப்பிடலாம். கட்டினவனைக் கூப்பிட முடியாது. இங்கே மலையாளிகளுக்கு, நம் பக்கத்திலிருந்து வருகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அண்ணாச்சிதான். தம்பி வந்த முதல் நாளே அந்தத் தீவில் அவனுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. இருபது வயதுப் பையனை எழுபது வயதுக் கிழவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். முருகேசனும் இல்லை, மிக்காயேலும் இல்லை. எல்லோரும் கூப்பிட்டதை அவளும் கூப்பிட்டாள். இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "இவங்களுக்கு அவன் பேரே தெரியாதா" என்று மட்டும் அம்மா கேட்டாள். ஸ்டெல்லா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. என்ன தப்பு என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

சாப்பிட அழைத்தாள். மீன் வைக்கவில்லை. கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள், நம் புளியில். அவர்கள் குழம்புக்குப் போடுவது குடம்புளி, அது வேறு ருசி. அண்ணாச்சிக்கு அது பிடிக்காது என்று, போட்டில் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்து நம் புளி வாங்கிப் போவாள். சிலசமயம் எங்கள் வீட்டுக்கும் வந்து கதவோரம் நின்று பேசிவிட்டுப் போவாள். அன்றைக்குத் தாளித்தது மட்டும் தேங்காய் எண்ணெயில். அம்மாவுக்கு அந்த வாடையே ஆகாது. அவள் முதல் வாய் எடுத்து வைத்ததும் நான் பயந்தேன். அவள் இலையைப் பார்த்துக் குனிந்தபடி, வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். மறுபடி குழம்பு ஊற்ற ஸ்டெல்லா குனிந்தபோது கையால் மறிக்கவில்லை.

மத்தியானம் வெயில் கொஞ்சம் இறங்கியதும் கல்லறைக்குப் போனோம். தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்து இருந்தது. வசதியானவர்களுக்குப் பளிங்குக் கல். மற்றவர்களுக்கு மணல்மேடும் மரச்சிலுவையும். ஸ்டெல்லா ஒரு மேட்டின் முன்னால் போய் நின்றாள். சிலுவைக்கு வெள்ளை அடித்துக் கறுப்பில் எழுதியிருந்தது. அவனோடு வேலை பார்த்தவர்களில் யாரோ எழுதியது. அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் மலையாளம் தெரியும். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மிக்காயேல். அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், அண்ணாச்சி.

"முருகேசன்னு எங்க எழுதியிருக்கு?"

"இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள். மஞ்சப்பையைத் திறந்தாள். உள்ளே புதுவேட்டி ஒன்றும், ஒரு சின்ன வெள்ளைத் துணியும், காகிதத்தில் மடித்த எள்ளும் இருந்தன. வேட்டியை ஓரமாக வைத்துவிட்டு, சின்னத் துணியைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். நான் அவள் கும்பிடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் மேட்டிலிருந்து மணலை அள்ளித் துணியில் போட்டாள். மறுபடியும் அள்ளினாள்.

தேவாலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை விளக்குமாற்றோடு ஓடி வந்தார். கல்லறை மண்ணை எடுக்கக் கூடாது, யார் இந்த ஸ்திரீ, என்ன செய்கிறாள் என்று சத்தம் போட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மந்திரவாதம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. கல்லறை மண்ணை வைத்துச் செய்வினை வைப்பார்கள் என்று இங்கே ஒரு பயம் உண்டு. செத்தவனின் அம்மா அவர்கள், வேறு ஒன்றும் இல்லை என்று நான் கைகூப்பிச் சொன்னேன். என் மலையாளம் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது. பாதித் தமிழாகவே வந்தது. அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. துணியின் நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா வந்து அவள் எதிரில் மண்டியிட்டு அந்த முடிச்சின் மேல் கையை வைத்தாள். பிடுங்கவில்லை. வெறுமனே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, எதற்கு என்று கேட்டாள்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னாள், அவனுக்கு ஒன்றுமே செய்யவில்லை, ஒரு பிண்டம் வைக்கவில்லை, ஒருவாய் தண்ணீர் இறைக்கவில்லை, இப்படிக் கிடந்தால் அவன் எங்கே போவான், உடம்புதான் என் கைக்கு வரவில்லை, இந்த மண்ணையாவது ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்துவிடுகிறேன் என்று. சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் அதை மலையாளத்தில் சொன்னேன். கடைசிச் சொற்களைச் சொல்லும்போதே ஸ்டெல்லாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன்.

"கடலிலோ?" என்றாள். என்னிடம் இல்லை, அம்மாவிடம் நேராக. "கடலல்லே அண்ணாச்சியெக் கொண்டுபோயது? பின்னேயும் கடலில் கொண்டு இடணோ, அம்மே?"

கடல்தானே கொண்டுபோனது, மறுபடியும் கடலிலேயே போடணுமா என்று நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கடல் என்றால் கடல்தான், கொண்டுபோனது என்றால் கொண்டுபோனதுதான். அன்று நாள் முழுவதும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொல்லித் தரத் தேவையில்லாமல் போன ஒரே பேச்சு அது.

அம்மா அந்த முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மதிலுக்கு அப்பால் கடல் பெரிதாகச் சத்தம் போடாமல் கிடந்தது. பிறகு முடிச்சை அவிழ்த்தாள். இறுகியிருந்தது, சீக்கிரம் அவிழவில்லை. ஸ்டெல்லா உதவினாள். மணலை எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே கொட்டி, குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி தட்டிச் சமப்படுத்தினாள். புதுவேட்டியை எடுத்து மேட்டின் மேல் நீளவாக்கில் விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஸ்டெல்லா நான்கு மூலையிலும் ஓடு பொறுக்கி வைத்தாள். எள்ளை மட்டும் அம்மா திரும்பப் பையில் வைத்துக்கொண்டாள். கோயில்பிள்ளை விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அழ ஆரம்பித்தது அப்போதுதான். தந்தி வந்த நாளிலிருந்து அவள் அழவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

திரும்பும்போது ஸ்டெல்லா பாலம் வரைக்கும் கூட வந்தாள். நாங்கள் பாலத்தில் காலை வைக்கப்போகும்போது பின்னாலிருந்து யாரோ, "பேச்சீ, பேச்சீ, ஓடண்டா!" என்று கூப்பிட்டார்கள். அம்மா சட்டென்று நின்றாள். அவள் பெயர் பேச்சியம்மாள். அப்பா போன பிறகு அவளைப் பேச்சி என்று கூப்பிட யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, தூக்கம் கலைந்த தலையோடு, தன் அம்மாவைத் தேடி மணலில் விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே அதன் சித்தி.

"என்னையா கூப்பிட்டாங்க?"

ஞானஸ்நானத்தில் அதற்கு ரோஸ் என்று பெயர். ஆனால் அது பிறந்த நாளிலிருந்து தம்பி பேச்சி என்றுதான் கூப்பிட்டான், அதனால் வீட்டிலும் எல்லோருக்கும் பேச்சிதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து, தன் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை மிரண்டு ஸ்டெல்லாவின் முண்டு நுனியைப் பிடித்துக்கொண்டது. போட்டில் பாதி தூரம் வந்த பிறகு அம்மா சொன்னாள், அவனுக்கு என்மேல் கோபமே இல்லையாடி என்று. அக்கரை வரும்வரை அவள் கையை என் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ராமேஸ்வரத்துக்குப் போகவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைகளில் வீட்டிலேயே இலை போட்டுப் படைத்துக் காக்கைக்கு வைத்தாள். தீவில் ஸ்டெல்லா வருடாவருடம் பூசை வைத்தாள். ஒரே மனிதனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெயரிலும் இந்தப் பக்கம் ஒரு பெயரிலுமாகச் சாப்பாடும் மெழுகுவர்த்தியும் போய்க்கொண்டிருந்தன. அம்மா அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை வந்தாள். குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டு வந்தாள், அளவு சிறிதாகப் போய்விட்டது. அடுத்த வருடம் அவளும் போய்விட்டாள். ஸ்டெல்லா குழந்தையோடு மலையைத் தாண்டி வந்து, எங்கள் பெண்கள் கூட்டத்தில், மாரடித்து அழுகிறவர்களுக்கு நடுவே, வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது என் கணவருடைய முதலாளி மட்டாஞ்சேரிக் கிளையை மூடிவிட்டார். நாங்கள் விருதுநகருக்கே திரும்புகிறோம். வந்த நாளிலிருந்து எந்த நாளைக் கேட்டுக்கொண்டிருந்தேனோ அந்த நாள் வந்துவிட்டது. சாமான் கட்டத் தொடங்கியபோது கை ஓடவில்லை. வெளியூரில் பிழைக்கிற நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு ஊரில் நம் பிள்ளை ஒன்று மண்ணுக்குள் இருந்தால், அந்த ஊர் வெறும் பிழைக்கப் போன ஊர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கல்லறைக்கு ஸ்டெல்லாவும் வந்தாள். சிலுவையைப் புதிதாக மாற்றி வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, தம்பியிடம் நான் எப்போதும் தமிழில்தான் இரண்டு வார்த்தை பேசுவேன். அன்றைக்கும் பேச வாயைத் திறந்தேன். "எடா, ஞங்ஙள் போகுவாணு" என்று வந்தது. நாங்கள் போகிறோம் என்று சொல்ல நினைத்தது அப்படி வந்துவிட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. திருத்திச் சொல்லலாம் என்று பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

பாலம் வரைக்கும் ஸ்டெல்லா வந்தாள். இத்தனை வருடமும் அவளும் நானும் மலையாளத்தில்தான் பேசியிருக்கிறோம். அவளுக்குத் தமிழ் வராது என்று நினைத்திருந்தேன். நான் பாலத்தில் ஏறியதும் அவள் சொன்னாள், "போயிட்டு வாங்கக்கா."

விருதுநகர்த் தமிழ். எங்கள் தெருவில் பேசுகிற அதே இழுப்பு. நான் திரும்பிப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. விடியலில் கடலுக்குப் போகிறபோது அண்ணாச்சி அவளிடம் போயிட்டு வாறேன் என்பான், பதிலுக்குப் போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தானாம். அது ஒன்றுதான் தமிழில் தெரியும் என்றாள். பேச்சி வாய்க்காலின் அந்தக் கரையில் நின்று கையை ஆட்டியது. நான் பாலத்தின் நடுவில் நின்றேன். கீழே உப்புத்தண்ணீர் வயல்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. போயிட்டு வாறேன் என்று நான் யாருக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கரையில் நிற்பவர்களுக்கா, இந்தக் கரையில் நான் பஸ் ஏறிப் போகப்போகிற ஊருக்கா என்று எனக்குத் தெரியவில்லை. பாலம் இரண்டு பக்கமும் ஆடியது. பின்னால் யாரோ மீன் கூடையோடு வந்து, சேச்சி, ஒன்று வழி மாறுமோ என்று வழிவிடச் சொன்னார்கள். நகர்ந்தேன்.